வெயில் தோட்டத்தில் மஞ்சள் செவ்வந்தி

தமிழ்நாட்டுச் சமவெளியில் நாள் முழுதும் வெயில் விழும் வீட்டுத் தோட்டத்துக்கு, முழங்கால் உயரத்தைத் தாண்டாமல் அடர்ந்து நின்று மஞ்சளாகப் பூக்கும் பல்லாண்டுச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால், சிறு பூ வகைச் செவ்வந்தியை விஞ்சும் செடி அரிது. வட மாவட்டங்களில் சாமந்தி என வழங்கும் இச்செடி பல்லாண்டுத் தாவரம் என்பதைப் பூ வாங்குவோரில் பலர் அறிவதில்லை. ஆயுத பூசைக்கு வாங்கிய தொட்டிச் செடி தை பிறப்பதற்குள் காய்ந்து நின்றதும், அதன் ஆயுள் முடிந்ததெனக் கருதி, உயிருள்ள தூரை மண்ணோடு சேர்த்துக் குப்பையில் கொட்டிவிடுகின்றனர். பல்லாண்டுத் தாவரம் என்பது பூத்த தண்டு மடிந்த பின்னும் நிலத்தடியில் உயிரைத் தாங்கி, அடுத்த பருவத்தில் மீண்டும் தளிர்க்கும் செடியாகும். செவ்வந்தியில் அவ்வுயிர் தங்குமிடம் தண்டின் அடிப்பகுதியாகிய தூர். அங்கிருந்து மண்ணுக்குள் கிடையாக ஓடிப் பின் மேலெழும் இளந்தளிர்களையே பக்கக்கன்றுகள் என்பர். இச்செடியை நெடுங்காலம் வளர்த்தவர்கள் சொல்லக்கூடியவற்றைச் சுருக்கினால் அவை இரண்டில் அடங்கும்: அடர்த்தி என்பது விலைக்கு வாங்கிய கன்றோடு வருவதன்று, வளர்ப்பவர் கையால் வருவது; பல்லாண்டுத் தன்மை என்பது செடியை அதன் போக்கில் விடுவதால் நிலைப்பதன்று, ஆண்டுதோறும் இளங்கன்றால் புதுப்பிப்பதால் நிலைப்பது.

மஞ்சள் நிறத்தை விரும்புவதற்கு மங்கலம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தோட்டக்காரருக்கு அதைவிட வலுவான காரணம் வெயிலாகும். செவ்வந்தியில் பூ எனப்படுவது உண்மையில் ஒரே மலரன்று. விளிம்பில் இதழ்போல் நீண்ட கதிர் மலர்களும் நடுவில் குழல் வடிவிலான வட்டு மலர்களும் ஒரே காம்பின் மேல் நெருங்கி அமைந்த தலைமஞ்சரி அது. சூரியகாந்தியை உள்ளடக்கிய ஆஸ்டரேசி குடும்பத்தின் பொது அடையாளம் இத்தலைமஞ்சரியே. இக்கதிர் மலர்களில் இளஞ்சிவப்பும் ஊதாவும் ஆந்தோசயனின் என்னும் நிறமியால் தோன்றுகின்றன. மஞ்சள் நிறமோ கேரட்டிலும் உள்ள கரோட்டினாய்டு இனத்தைச் சேர்ந்த நிறமிகளால் தோன்றுகிறது. வெப்பம் மிகுந்தால் ஆந்தோசயனின் உருவாவது குன்றுவதால், கண்காட்சியில் ஊதாவாகக் கண்ட வகை மதுரை வெயிலில் சாயம் போன துணிபோல் வெளிறிப் பூக்கிறது. மஞ்சள் வகைகளுக்கு இக்குறை பெரும்பாலும் இல்லை. வெள்ளை வகைகளில் கரோட்டினாய்டைச் சிதைக்கும் நொதி ஒன்று இதழ்களில் வேலை செய்வதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விளக்கினர். அந்நொதிக்குரிய மரபணு ஒரு கிளையில் செயலிழந்தால் வெள்ளைச் செடியிலிருந்தே மஞ்சள் பூ வெளிப்படும். வெள்ளைப் பாத்தியில் திடீரென ஒரு கிளை மஞ்சளாகப் பூத்தால் அதனை வெட்டி எறியாமல், அக்கிளையின் நுனிகளை வேர்விடச் செய்து தனிவகையாகப் பெருக்கும் வழக்கம் நாற்றங்கால்காரர்களிடையே உண்டு. அவர்கள் கையில் உள்ள வகைகளில் சில இவ்வாறு வந்தவையே.

வகைத் தேர்வில் தயக்கம் தேவையில்லை. கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 1 மஞ்சள் நிறப் பூக்களைத் தருவது. மதுரை வேளாண்மைக் கல்லூரியிலிருந்து வந்த எம்.டி.யு. 1 கந்தக மஞ்சள் நிறமுடையது. இவற்றோடு நிலக்கோட்டை, ராயக்கோட்டை ஆகிய பூச்சந்தைப் பகுதிகளில் உழவர் கைமாற்றிப் பெருக்கி வரும் உள்ளூர் வகைகளும் வீட்டுத் தோட்டத்துக்குப் பொருந்துவனவே. பொருந்தாதது எதுவென்றால், நகரத்து நாற்றுப்பண்ணைகளில் பந்துபோல் திரண்டு, இலை தெரியாமல் பூத்து நிற்கும் தொட்டிச் செடி. அதன் குட்டைத்தன்மைக்கு இரு காரணங்கள் உள்ளன; இரண்டும் செடிக்கு இயல்பானவை அல்ல. முதலாவது, ஒரு சிறு தொட்டியில் நான்கைந்து கன்றுகளை நெருக்கி நட்டு, ஒரே செடி போன்ற தோற்றம் உண்டாக்குவது. இரண்டாவது, டாமினோசைடு போன்ற வளர்ச்சிக் குறைப்பான்களைத் தெளிப்பது. இவை தண்டை நீட்டும் ஜிப்ரலின் என்னும் இயற்கை ஊக்கி செடிக்குள் உருவாவதைத் தடுப்பதால் கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டுப்பகுதியாகிய கணுவிடை குறுகிவிடுகிறது. மருந்தின் விளைவு அப்பருவத்தோடு நின்றுவிடும். அச்செடியின் பக்கக்கன்று மறு ஆண்டில் இடுப்புயரம் ஓங்கி, காற்றில் சாய்ந்து, வாங்கியவரை ஏமாற்றும். இதில் விற்றவர் மேல் பழி சுமத்துவதும் நியாயமாகாது. அவர் விற்றது சில வாரக் காட்சிப் பொருளை, வாங்கியவர் எதிர்பார்த்ததோ தோட்டத்துச் செடியை.

செவ்வந்தியின் உயரத்தையும் பூக்கும் காலத்தையும் ஒருசேரத் தீர்மானிப்பது இரவின் நீளம் என்பதை அறியாமல் இச்செடியைப் பழகுவது கடினம். பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டு கட்டும் தாவரங்களைக் குறும்பகல் தாவரங்கள் என்பர். இவ்வியல்பை 1920இல் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் விளக்கி எழுதினர். பகல், இரவின் நீளத்தை உணர்வது நுனிமொட்டன்று, இலையே என்பதை 1930களில் சோவியத் தாவர உடலியலாளர் மிகயில் சைலாக்யான் செவ்வந்திச் செடிகளைக் கொண்டே காட்டினார். மேற்பகுதியின் இலைகளை நீக்கிவிட்டு, இலையுள்ள கீழ்ப்பகுதிக்கு மட்டும் குறும்பகல் கொடுத்தபோது, இலையற்ற நுனி பூத்தது. லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீள்வதால், அங்கு செடி கோடை முழுதும் இலையும் கிளையுமாக வளர்ந்து இலையுதிர் காலத்தில்தான் மொட்டு வைக்கும். தமிழ்நாட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. ஆகவே குளிர்நாட்டுப் பசுமைக்குடில்களுக்கென உருவாக்கப்பட்ட வகைகள் இங்கு வந்தால், சாண் உயரத்தில் நான்கு இலையோடு நிற்கும்போதே மொட்டு கட்டி, ஒற்றைப் பூவோடு ஓய்ந்துவிடுகின்றன. ஓசூர்ப் பகுதியில் கொய்மலர்ச் செவ்வந்தி வளர்ப்போர் இரவின் நடுவே விளக்கெரித்து இருளை இரண்டாக முறிப்பது, அவ்வாறு முந்தி மொட்டு கட்டுவதைத் தடுக்கவே. வீட்டுத் தோட்டத்தில் இதற்கு நேர்மாறான தொல்லை நேர்வதுண்டு. தெருவிளக்கோ வாசல் விளக்கோ விடிய விடிய எரியும் பக்கத்தில் உள்ள செடிகள், உரமும் நீரும் சரியாகவே இருந்தும், பூக்காமல் உயர்ந்துகொண்டே போகின்றன. இருண்ட மூலையில் உள்ளவை உரிய காலத்தில் பூக்கின்றன. இதற்கு மருந்து தேடி அலைவோர் விளக்கை அணைத்தாலோ தொட்டியை நகர்த்தினாலோ போதும்.

பகல் வெளிச்சத்தில் தாராளம் வேண்டும். நாளொன்றுக்கு ஆறு மணி நேரத்துக்குக் குறையாத நேர்வெயில் இல்லாத இடத்தில் எந்த வகையும் அடர்த்தியாக நிற்காது. மாமரத்தடியிலோ கொய்யா நிழலிலோ செடி மெலிந்து நீள்வதற்கு வெளிச்சக் குறைவு மட்டும் காரணமன்று. இலைத்திரை சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு, அதற்கப்பாற்பட்ட தொலைசிவப்பு ஒளியைக் கீழே கசியவிடுவதால், செடி தான் பிறருடைய நிழலில் இருப்பதை உணர்ந்து மேலெழ முயல்கிறது. நெருக்கி நட்டாலும் பக்கத்துச் செடிகளின் இலையிலிருந்து தெறிக்கும் ஒளி அதே விளைவைத் தரும். பரிந்துரைக்கப்படும் 30 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 11 கன்று, நட்ட புதிதில் வெற்றிடமாகத் தோன்றினாலும், அதனைக் குறைப்பவர் பிற்பாடு குச்சி நட்டுக் கட்ட வேண்டியிருக்கும். மொட்டைமாடித் தோட்டத்தில் நிழல்வலை விரிப்பது இன்று வழக்கமாகிவிட்டது. கீரைக்கு அது நன்று, செவ்வந்திக்கு நன்றன்று. சித்திரை, வைகாசிக் கடுவெயிலில் தாய்ச்செடிகளைக் காக்கப் பிற்பகல் நிழல் மட்டும் கொடுத்தால் போதும்.

இனி நுனி கிள்ளுதல். அடர்த்தியின் பெரும்பங்கு இவ்வொரு வேலையிலேயே இருப்பதால் இதனை விரித்துரைத்தல் வேண்டும். தண்டின் நுனியில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, இலைக்கக்கங்களில் உறங்கும் பக்கமொட்டுகளை எழவிடாமல் அடக்கி வைக்கிறது. இதற்கு நுனி ஆதிக்கம் என்று பெயர். நுனி அகன்றதும் அடக்குமுறை தளர்ந்து, கீழுள்ள கக்கங்களிலிருந்து மூன்று, நான்கு கிளைகள் ஒரே வேளையில் புறப்படுகின்றன. நட்ட நான்காம் வாரத்தில், கன்று வேர் பிடித்து ஐந்தாறு நல்ல இலைகளை விரித்த பின், முதற்கிள்ளலைச் செய்வது முறை. கிள்ளவேண்டிய அளவு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்; கட்டைவிரல் நகமும் சுட்டுவிரலும் போதும். கத்தரிக்கோலைக் கையிலெடுப்பவர் பெரும்பாலும் தேவைக்கு மேல் வெட்டிவிடுகிறார். அப்போது முற்றிய கணுக்கள் மட்டுமே எஞ்சுவதால் தளிர் எழத் தாமதமாகிறது, எழுபவையும் எண்ணிக்கையில் குறைகின்றன. கிள்ளும்போது தண்டு பச்சையாக ஒடிந்தால் பருவம் சரி. நாராக இழுபட்டால் நாள் கடந்துவிட்டது. பக்கக்கிளைகள் விரல் நீளம் வந்ததும் அவற்றின் நுனிகளை இரண்டாம் முறை கிள்ள வேண்டும். கிள்ளுகையில் தென்படும் முந்திய மொட்டுகளை இரக்கமின்றி நீக்குவது இதனோடு சேர்ந்த வேலையாகும். முன்னர்ச் சொன்ன குறும்பகல் காரணமாக இங்கு அத்தகைய மொட்டுகள் அடிக்கடி தோன்றும், அவற்றை விட்டுவைத்தால் கிளை அங்கேயே நின்றுவிடும்.

கிள்ளுதலை எப்போது நிறுத்துவது என்பதில்தான் பழக்கமின்மை வெளிப்படுகிறது. மொட்டு உருவாகத் தொடங்கியதிலிருந்து பூ விரிய வகைக்கேற்ப 7 முதல் 12 வாரங்கள் தேவைப்படுவதால், ஐப்பசி, கார்த்திகையில் பூ வேண்டுவோர் ஆடி கழியுமுன் கடைசிக் கிள்ளலை முடித்துவிட வேண்டும். ஆவணியிலும் கிள்ளிக்கொண்டிருப்பவர் அழகிய பச்சைக் குன்றைப் பெறுவார். பூவுக்கு மார்கழி வரை காத்திருப்பார். செடியின் ஒரு பக்கத்தை மட்டும் கிள்ளி மறுபக்கத்தை மறந்துவிடுவதும் பரவலான பழக்கம். தொட்டியைத் திருப்பித் திருப்பி வைத்துக் கிள்ளினால் வடிவம் ஒழுங்காக அமையும். கண்காட்சிக்கெனப் பெரிய பூ வளர்ப்போர் பக்கமொட்டுகளை எல்லாம் உதிர்த்து ஒற்றை மொட்டை மட்டும் வளர்ப்பது இதற்கு முற்றிலும் மாறான கலை. இரண்டையும் ஒரே செடியில் கலப்பதால் இரண்டுமே கெடும்.

மண்ணைப் பொறுத்தவரை, நீர் தங்காத செம்மண் கலந்த இருமண்பாட்டு நிலமும், 6க்கும் 7க்கும் இடைப்பட்ட கார அமில நிலையும் இச்செடிக்கு ஏற்றவை. வேர்கள் மேலோட்டமாகப் பரவுவதால் வறட்சியும் உடனே தாக்கும், தேங்கிய நீரும் உடனே தாக்கும். இரண்டில் கொடியது பின்னதே. பூப்பருவம் வடகிழக்குப் பருவமழையோடு ஒன்றிவருவது கடலோர மாவட்டங்களில் இப்பயிருக்கு உள்ள மெய்யான இடர்ப்பாடு. மழை விடாமல் பெய்யும் ஒரு வாரத்தில் விரிந்த பூக்கள் நீரைச் சுமந்து சாய்ந்து அழுகுகின்றன. பித்தியம் என்னும் நோய்க்கிருமி வேரைப் பிடித்தால் செடியே வாடிவிடுகிறது. ஆகவே சமதளப் பாத்தியைத் தவிர்த்து, சாணளவு உயர்த்திய மேட்டுப் பாத்தியில் நடுவதே சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற இடங்களில் பாதுகாப்பானது. குட்டையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்த செடி இம்மழையில் ஓங்கிய செடியைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். கிள்ளுவதன் பயன் அழகோடு முடிவதில்லை என்பது இங்கு தெளிவாகிறது.

வயலில் எக்டருக்கு 25 டன் தொழுவுரம் இடப்படுகிறது. வீட்டுப் பாத்தியில் அது சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ ஆகும். அடியுரமாக இதனை இட்ட பின், நட்ட ஒரு மாதத்தில் சிறிதளவு தழைச்சத்து கொடுத்தால் போதும். தழைச்சத்தைத் தாராளமாகக் கொடுத்தால் கணுவிடை நீள்கிறது, அசுவினியும் தேடி வருகிறது. வணிகப் பயிருக்குரிய பரிந்துரைகளை வீட்டுத் தோட்டத்துக்கு அப்படியே கொண்டுவருவதில் எச்சரிக்கை தேவை. பூ மகசூலைக் கூட்டுவதற்காக ஜிப்ரலிக் அமிலத்தை 50 பிபிஎம் அளவில் வயலில் தெளிக்கச் சொல்கின்றனர். தண்டை நீட்டும் அதே ஊக்கியைக் குட்டைச்செடி விரும்புவோர் தெளிப்பது தம் வேலையைத் தாமே கெடுத்துக்கொள்வதாகும்.

பூச்சிகளில் இலைப்பேனும் அசுவினியும் முதன்மையானவை. செவ்வந்தி பூச்சிகளை விரட்டும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. பைரித்திரம் என்னும் பூச்சிக்கொல்லியைத் தருவது வெண்ணிறப் பூவுடைய வேறோர் இனம், அதன் பெருமையைப் பூச்சந்தைச் செவ்வந்திக்கு ஏற்றிச் சொல்வது தவறு. கொழுந்து நுனியில் அசுவினி அடையடையாய் மொய்த்திருப்பதைக் கண்டவருக்கு இதில் ஐயமிராது. நோய்களுள் ஒன்று இக்கட்டுரையின் பொருளோடு நேரடித் தொடர்புடையது. வைரஸினும் சிறியதாய், புரத உறையற்ற வெறும் ஆர்.என்.ஏ. இழையாய் உள்ள நோய்க்காரணியை வைராய்டு என்பர். செவ்வந்தியைக் குறளாக்கும் வைராய்டு நோய் 1940களில் அமெரிக்காவில் முதலில் காணப்பட்டது. இது தொற்றிய செடி குட்டையாகி, இலை சிறுத்து, பூவும் சிறுத்து, வழக்கத்துக்கு முந்திப் பூக்கும். பாத்தியில் தானாகவே குட்டையாக நிற்கும் செடியைக் கண்டு மகிழ்ந்து, அதிலிருந்தே கன்றெடுத்துப் பெருக்குபவர் நோயையே பெருக்கிவிடக்கூடும். கிள்ளும் விரலும் வெட்டும் கத்தியும் சாற்றோடு இதனைச் செடிக்குச் செடி கடத்தும்; ஆகவே ஐயத்துக்குரிய செடியைக் கடைசியாகத் தொடுவதும், இடையிடையே கையையும் கத்தியையும் சோப்பு நீரில் கழுவுவதும் வேலையின் பகுதியாக வேண்டும். மருந்து இதற்கில்லை, பிடுங்கி அப்புறப்படுத்துவதே வழி.

பூ ஓய்ந்த தை, மாசியில் தண்டுகளைத் தரையிலிருந்து நான்கு விரல் விட்டு வெட்டி, மட்கிய எருவைத் தூரைச் சுற்றி இட்டு அளவாக நீர்விட்டால், சில வாரங்களில் பக்கக்கன்றுகள் சூழ எழும். இவற்றை அப்படியே வளரவிட்டு மறுதாம்புப் பயிராகப் பூ எடுப்பதும் உண்டு; வயல் கணக்கில் முதற்பயிருக்கு எக்டருக்கு 20 டன் கிடைக்குமிடத்தில் மறுதாம்பில் 10 டன்னே கிடைக்கும். விளைச்சல் பாதியாவதோடு, பழைய தூரின் நடுப்பகுதி மரத்துக் காய்ந்து, செடி வளையமாகத் திறந்து, விளிம்பிலிருந்து கிளம்பும் தண்டுகள் வெளிப்புறம் சாய்வதால் வடிவமும் கெடும். ஆகவே சித்திரையிலோ வைகாசியிலோ வேருடன் பக்கக்கன்றுகளைப் பிரித்து, அல்லது 5 முதல் 7 சென்டிமீட்டர் நுனித்துண்டுகளை மணலில் வேர்விடச் செய்து, புதிய மண்ணில் நடுவதே சிறந்தது. பல்லாண்டுச் செடியை ஆண்டுதோறும் புதிதாக நடுவது முரணாகத் தோன்றலாம். செடியின் உடல் மாறுகிறது, வகை மாறுவதில்லை.

செவ்வந்தி ஓய்ந்திருக்கும் கோடையில் மஞ்சளை விட்டுக்கொடுக்க விரும்பாதோர் டர்னெராவைத் துணையாக வைக்கலாம். காலையில் மலர்ந்து நண்பகலில் மூடிக்கொள்ளும் அதன் பூ, மாலையில் மட்டும் தோட்டம் பார்ப்பவருக்குப் பயனற்றது. உதகை, கொடைக்கானல் குளிரில் கோரியாப்சிஸ் சிறக்கும். அவ்வினத்தின் ‘எர்லி சன்ரைஸ்’ வகை 1989இல் ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ் விருது பெற்றது. தரைபரவும் வெடீலியாவைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மஞ்சள் கரிசலாங்கண்ணி என்ற பெயரில் பல இடங்களில் விற்கப்படும் செடி மூலிகையான கரிசலாங்கண்ணியன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து, உலகின் மிகக் கொடிய 100 அயல் ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்ற இனம் அது. வாய்க்காலோரம் ஒரு கணு விழுந்தாலும் வேரூன்றிவிடும் அதனைத் தோட்டத்தில் சேர்க்காமலிருப்பதே நல்லது.

கன்றெடுக்கும் சித்திரை, வைகாசியில் எல்லாத் தூர்களும் ஒரே பச்சையாக இருப்பதால், எது அடர்ந்து பூத்தது, எது சாய்ந்தது, எதன் மஞ்சள் அடர்ந்தது என்பதை அப்போது எவராலும் சொல்ல இயலாது. எனவே கார்த்திகை, மார்கழியில் பூ நிறைந்து நிற்கும்போதே, நன்கு கிளைத்து நேராக நிற்கும் செடிகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் அடித்தண்டிலும் வண்ண நூல் ஒன்றைக் கட்டிவையுங்கள். நூல் கட்டிய தூரிலிருந்து மட்டுமே அடுத்த ஆண்டுக்கான கன்றை எடுங்கள்.